பிள்ளையை டென்னிஸில் புரொபஷனல் ஆக்கலாமா: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மத்தியானத்திலிருந்து மழை. மண் கோர்ட் சொதசொதவென்று கிடக்கிறது, பயிற்சி இல்லை, அதனால் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். 22 வருஷமாகப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அப்பா: அண்ணாச்சி, மகனுக்கு 16 வயசு. மாநில அளவுல நல்லா ஆடுதான். பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு புரொபஷனல் ஆக்கிரலாம்னு இருக்கேன். எப்ப சம்பாதிக்க ஆரம்பிப்பான்?

முதலில் பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

புரொபஷனல் ஆவதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது. ஐ.டி.எஃப். என்கிற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பில் பதிந்து ஐபின் என்கிற ஆட்டக்காரர் எண் வாங்கிப் பெயர் கொடுத்தால் ஆடலாம். ஆண்களுக்கு எல்லாவற்றிலும் கீழே உள்ள படி எம்15 போட்டி. அதில் மொத்தப் பரிசுப்பணம் 15,000 டாலர் என்பது ஆடுகிற எல்லோருக்கும் சேர்த்து. மெயின் டிராவில், அதாவது முக்கியச் சுற்றில், 32 பேர் என்றால் முதல் ரவுண்டோடு 16 பேர் வெளியே. அவர்களுக்கு ரேங்கிங் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது, கையில் 156 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வாங்குகிறவனுக்கே 2,160 டாலரும் 15 புள்ளியும்தான். உங்கள் மகன் அந்த 32 பேருக்குள் நேராகப் போக முடியாது, தகுதிச் சுற்றில் நின்று மேலே வரவேண்டும், அங்கே தோற்றால் வெறுங்கையோடு வரவேண்டியதுதான். இப்போது நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட், அங்கிருந்து விமானம், ரூம், சாப்பாடு, ஸ்டிரிங், கூட வருகிற ஆளின் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வருஷத்துக்கு 25 வாரம் என்று பெருக்கிப் பாருங்கள்.

2019 யு.எஸ். ஓபனில் ஃபெடரரிடம் முதல் செட்டை ஜெயித்தவர் சுமித் நாகல். அவரே 2023இல், தன் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் அந்தப் போட்டியில் 31ஆம் சீட் பெற்றிருந்த பப்ளிக்கைத் தோற்கடித்தார். நாட்டின் முதல் வரிசை ஆட்டக்காரருக்கே அப்படி ஒரு காலம் இருந்தது என்றால், 16 வயதுப் பையன் எப்போது சம்பாதிப்பான் என்பதை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

தென்காசி: 10 வயசுப் பொண்ணுக்கு எந்த பேட் வாங்கணும்?

உயரத்தைப் பார்த்து 25 அல்லது 26 அங்குலம். லேசானதாக வாங்குங்கள்.

தூத்துக்குடி: நீங்க எப்பவும் பயமுறுத்துதீங்க அண்ணாச்சி. கோயம்புத்தூர் மாயா ராஜேஸ்வரன் 15 வயசுல மும்பையில அரையிறுதி வந்தாளே. படிப்பு படிப்புன்னு இருந்தா அது நடக்குமா?

2025 பிப்ரவரியில் அந்தப் பிள்ளை தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. நடத்தும் 125 வகைப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பெண்கள் டென்னிஸில் வயது விதி ஒன்று இருக்கிறது: 15 வயதில் வருஷத்துக்குப் பத்துப் போட்டி, 16இல் 12, 17இல் 16. கூடுதல் வாய்ப்பு சிலருக்குக் கிடைக்கும், ஆனாலும் வரம்பு வரம்புதான். 90களில் சின்ன வயதிலேயே வந்த பிள்ளைகள் உடலும் மனசும் நொந்துபோனதைப் பார்த்துத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டை நடத்துகிறவர்களே மெதுவாகப் போகச் சொல்லும்போது நமக்கு என்ன அவசரம்?

அதே தூத்துக்குடி: விதி இருக்கட்டும். காலேஜுக்குப் போனவன் திரும்பி டென்னிஸுக்கு வந்த கதை உண்டா?

உண்டு. நமக்குப் பக்கத்து மதுரைதான். தக்ஷிணேஷ்வர் சுரேஷ் அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் அந்த நாட்டுக்கு எதிராக டேவிஸ் கோப்பை, அதுதான் அவருக்கு முதல் தடவை. ரேங்கிங் 600க்கும் கீழே. எதிரே ஜெரோம் கிம், 155ஆம் இடம். ஜெயித்தார், இந்தியாவும் 3-1 என்று ஜெயித்தது. அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் கோச், ஜிம், பிசியோ, வாராவாரம் கடுமையான ஆட்டம் எல்லாம் கிடைக்கும், நல்ல ஆட்டக்காரனுக்கு உதவித்தொகையும் உண்டு. ஆனால் பரிசுப்பணம் வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அந்த எண்ணம் உள்ளவர்கள் முதல் காசை வாங்குமுன் விதியைப் படித்துவிடுங்கள்.

சங்கரன்கோவில்: அவங்க ரெண்டு பேரும் வசதியான ஊர்க்காரங்க. நம்ம பக்கத்துல யாரு வந்தா?

ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960லும் 61லும் விம்பிள்டன் அரையிறுதி. வசதி பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான், நல்ல போட்டிக்கு நம் பிள்ளைகள் ராத்திரி ரயிலில் போய் மறுநாள் காலையிலேயே கோர்ட்டில் இறங்குகிறார்கள். முடிந்தால் ஒருநாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

களக்காடு: பையனுக்கு 13. தினமும் 200 சர்வீஸ் போடச் சொல்லுதேன். போதுமா?

உடனே குறையுங்கள். வளருகிற தோள்பட்டை அது. நான் 16 வயதில் பள்ளியை விட்டவன். ஒரு கோச் சொன்னார் என்று நாள் முழுக்க சர்வீஸ் போட்டேன், 19இல் தோள் போய்விட்டது, கையில் ஒரு சர்டிபிகேட்டும் இல்லை. வலி இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. நம் சென்னை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் பல வருஷத்தை இழந்தவர், உலக ரேங்கிங்கில் 75ஆம் இடத்தைத் தொட்டபோது அவருக்கு 29 வயது. உடம்பு தேறினால் நேரம் இருக்கிறது.

நாங்குநேரி: 11 வயசுக்கு எந்த பேட்?

மேலே தென்காசிக்குச் சொன்னதேதான்.

கடையநல்லூர்: பத்தாவதோட நிறுத்திட்டு முழுநேரம் ஆடலாமா?

கூடாது. இதே கேள்வி இன்றைக்கு மட்டும் நாலாவது. தயவுசெய்து முதல் பதிலை முழுசாகப் படியுங்கள்.

வள்ளியூரிலிருந்து ஒரு மாணவி: எனக்கு 14 வயசு. ஐ.டி.எஃப். ஜூனியர் ஜே30 போட்டியில முதல் ரவுண்டுல 6-1, 6-0னு தோத்துட்டேன் அண்ணாச்சி. அப்பா இனி வேண்டாம்னு சொல்லுதாங்க.

அந்த ஒரு கேமை எப்படி எடுத்தாய் என்று நினைவிருக்கிறதா? அதை எழுதி வை. எதிரே ஆடினவள் உன் பேக்ஹேண்டுக்கே போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன், உன் வயதில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வா. வெயில் ஏறுமுன் ஒருமணி நேரம் பார்ப்போம், அவரிடம் நான் பேசுகிறேன்.