ஃபாலுன் சுரங்கம்: தோண்டியவர்கள் எங்கே?

அன்புள்ள ஐயா,

ஸ்டாக்ஹோமில் வசிக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு ஃபாலுன் செப்புச் சுரங்கத்துக்குப் போயிருந்தோம். தலைக்கவசம், மழை அங்கி, இருட்டு, குளிர் என்று கீழே இறங்கிப் பார்த்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் மேலே இருக்கும் அருங்காட்சியகத்தை 20 நிமிடத்தில் முடித்துவிட்டோம். எந்திர மாதிரிகள், கற்கள், பழைய செப்புக் காசுகள். வெளியே வரும்போது என் 11 வயது மகன் கேட்டான்: “இத்தனை நூறு வருஷமா தோண்டினவங்க எல்லாம் எங்கேப்பா? அந்த ஃபெட் மாட்ஸ்ங்கிற தொழிலாளியைத் தவிர ஒருத்தர் பேர்கூடத் தெரியலையே?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அங்கே போனதைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

மகனை அணைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியோடு உள்ளே போயிருந்தால் 20 நிமிடம் போதியிருக்காது.

ஃபாலுனில் பெயர்கள் நிறையவே இருக்கின்றன. 1288-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் வெஸ்டெரோஸ் நகரத்து பிஷப் பீட்டர் இந்த மலையில் எட்டில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுகிறார். ராஜாக்கள், ராணிகள் பெயர் இருக்கிறது. தண்ணீர்ச் சக்கரத்தால் தாதுவை மேலே தூக்கும் எந்திரங்களைச் செய்த கிறிஸ்டோபர் போல்ஹெம் பெயர் இருக்கிறது. பங்கு வைத்திருந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் காகிதத்தில் தங்கிவிட்டார்கள். கூலிக்கு இறங்கியவர்கள் பொருள்களில்தான் இருக்கிறார்கள். அவர்களை அங்கேதான் தேட வேண்டும்.

வடத்தில் தொடங்கலாம். நீங்கள் கீழே பார்த்த க்ரொய்ட்ஸ் குழி 208 மீட்டர் ஆழம். அந்த மாதிரிக் குழிகளிலிருந்து தாது வாளிகளை இழுத்த வடங்களை மாட்டுத்தோலை வாராக அறுத்து முறுக்கிச் செய்தார்கள். ஒரு வடத்துக்கு எத்தனை மாட்டின் தோல் வேண்டியிருக்கும் என்று மகனையே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோலுக்காக வந்த எருதுகளின் இறைச்சியை வீணாக்காமல் உப்பிட்டுப் புகையில் வாட்டினார்கள். ‘ஃபாலுகொர்வ்’ தொத்திறைச்சி அப்படிப் பிறந்ததாகத்தான் அங்கே சொல்கிறார்கள். ஸ்வீடனில் எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணில் படுவதுதான். வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு நாளும் அதன் கீழே நின்றவனுக்குத் தெரியும்.

அப்புறம், அந்தப் பாறைச் சுவர்கள். சில இடங்களில் உட்புறம் வளைந்து வழுவழுவென்று இருந்ததைத் தொட்டுப் பார்த்தீர்களா? நெருப்பு செய்த வேலை அது. வெடிமருந்து வருவதற்கு முன்பு, மாலையில் பாறை முகத்தில் விறகை அடுக்கிக் கொளுத்திவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். ராத்திரி முழுக்க எரியும். காலையில் சூட்டில் விரிசல் விட்ட பாறையைச் சுத்தியலால் உடைத்து எடுப்பார்கள். புகையும் சூடும் முழுக்க அடங்கும் முன்பே இறங்கியாக வேண்டும். 1734-இல் இங்கே வந்த தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், இடுப்புக்கு மேல் துணியில்லாமல், புகைக்காக வாயில் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக வேலை செய்தவர்களைப் பார்த்து அதிர்ந்து எழுதினார். வெளியே வந்தாலும் புகை விடாது. தாதுவைத் திறந்தவெளியில் வறுத்ததால் ஊரையே கந்தகப் புகை மூடியிருந்தது. சுற்றிலும் செடிகொடிகள் கருகின.

காசுகளை நீங்கள் சட்டென்று கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த அறைதான் மிகவும் பிடித்தது. 1644-இல் ஸ்வீடன் அடித்த 10 ‘டாலெர்’ (அன்றைய ஸ்வீடன் பணம்) செப்புத் தகடு ஒன்றின் எடை 19.7 கிலோ. ஒரு நாணயம்! 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு வரை இந்த ஒரு மலையிலிருந்து வந்த காலம் உண்டு. கையில் செம்பு குவிந்து கிடந்தது, காசையும் செம்பிலேயே அடித்தார்கள். அதைச் சுமக்க முடியாமல்தான் 1661-இல் ஸ்டாக்ஹோம் வங்கி காகிதப் பணத்தை வெளியிட்டது. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகள் அவை. மகனிடம் சொல்லுங்கள்: ஒரு மூட்டை அரிசி எடையுள்ள அந்தத் தகட்டைச் சந்தைக்குத் தூக்கிப் போனவனுக்கே மூச்சு வாங்கியது என்றால், அதற்கான தாதுவை உடைத்தவன் எத்தனை மூட்டை பாறையை நகர்த்தியிருப்பான்?

ஸ்வீடன் முழுக்க நீங்கள் பார்க்கும் அந்தச் சிவப்பு வீடுகளும் இங்கிருந்து வந்தவைதான். சுரங்கத்தின் கழிவு மண்ணைக் கழுவி, உலர்த்தி, சுட்டு எடுத்த இரும்புச் சத்து நிறைந்த பொடியை, தண்ணீர், ரை என்ற தானியத்தின் மாவு, ஆளிவிதை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சினால் ஃபாலு சிவப்பு. 1992-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வண்ணம் இன்னும் தயாராகிறது.

ஃபெட் மாட்ஸுக்கு வருகிறேன். அவர் பெயர் மட்டும் ஏன் தங்கியது? 1677-இல் காணாமல் போனவர். 1719-இல், நீர் நிறைந்து கைவிடப்பட்ட பகுதியில் அவர் உடல் கிடைத்தது. கந்தகச் சேர்ம உப்புகள் கரைந்த சுரங்க நீர் உடலை அழுகாமல் வைத்திருந்தது. இளைஞனாகவே இருந்த அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மார்கரெட்டா ஊல்ஸ்டாட்டர் என்ற முதிய பெண் வந்து பார்த்து, 42 வருடத்துக்கு முன் தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் என்றார். வழிகாட்டிகள் இதைக் காதல் கதையாகச் சொல்கிறார்கள். காதல் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த உடலைக் காட்சிப்பொருளாக வைத்தார்கள். ஒருமுறை புதைத்து, தோண்டியெடுத்து, மறுபடியும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். 1930-இல்தான் மண்ணில் முழுதாக அடக்கம் செய்தார்கள். பெயர் தெரிந்த ஒரு தொழிலாளிக்குச் செத்த பிறகும் 200 வருடம் ஓய்வு கிடைக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. மார்கரெட்டா வந்து பெயர் சொல்லியிருக்காவிட்டால் அவரும் மற்றவர்களோடு சேர்ந்திருப்பார்.

அடுத்த முறை போனால் சுரங்கத்தை விட்டு எல்ஸ்போரி பக்கம் நடந்து வாருங்கள். தொழிலாளர்கள் வாழ்ந்த மரவீடுகளின் தெருக்கள், அதே சிவப்பில். 1761-இல் நகரம் இரண்டு முறை எரிந்தபோதும் தப்பியவை.

“எங்கே?” என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. அந்தப் பெரிய பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தீர்களே, அது யாரும் திட்டமிட்டுத் தோண்டியதல்ல. பல நூறு ஆண்டுகளாக உள்ளே குடைந்து குடைந்து வலுவிழந்த மலை, 1687-இல் ஒரே நாளில் இடிந்து உள்ளே விழுந்தது. சாதாரண நாளாக இருந்தால் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள்! ஆனால் அது கோடை நடுநாள் பண்டிகை, வருடத்தில் சுரங்கம் ஓய்ந்த ஒருசில நாட்களில் ஒன்று. ஒருவர்கூடச் சாகவில்லை. அன்றைக்கு அவர்கள் எங்கே என்று உங்கள் மகன் கேட்டால், வீட்டில் இருந்தார்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்