டிரைவர் இல்லாத கார்: ஆதரித்து ஒரு கட்டுரை, எதிர்த்து ஒரு கட்டுரை. எதை நம்புவது?

இரண்டையும் படித்தால் இரண்டுமே சரி என்று தோன்றுகிறது, எது வலுவான கட்டுரை என்று எப்படித் தீர்மானிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 2023-இல் சான் பிரான்சிஸ்கோவில் வேமோ, குரூஸ் நிறுவனங்களின் ரோபோ டாக்சிகளை இரவு பகலாக ஓட விடலாமா என்று நடந்த விவாதத்தை விடாமல் படித்தவன் நான். அதை வைத்தே சொல்கிறேன்.

ஆதரவுக் கட்டுரைகளில் தவறாமல் வரும் வரி, "விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறால் நடக்கிறது". இது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண். ஆனால் இதை விபத்துக்கான காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. மனிதன் செய்யாத தவறுகளை இயந்திரம் செய்யலாம் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. இந்த வரியை நம்பி நிற்கும் கட்டுரைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

எதிர்ப்புக் கட்டுரைகள் 2023 அக்டோபர் 2 சம்பவத்தைப் பிடித்துக்கொள்கின்றன. குரூஸ் கார் ஒரு பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அவரை முதலில் இடித்தது மனிதர் ஓட்டிய இன்னொரு கார். அதை விட்டுவிட்டு எழுதினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அதையும் சொல்லிவிட்டு, நின்ற குரூஸ் கார், தன் அடியில் ஆள் இருப்பது தெரியாமல் ஓரம் கட்டக் கிளம்பியதையும், தகவலைச் சரியாகத் தரவில்லை என்று குற்றம் சாட்டி கலிஃபோர்னியா வாகனத் துறை அதே மாதம் அனுமதியை நிறுத்தியதையும் எழுதினால், அப்போது அது அசைக்க முடியாத வாதம். கண்ணீரை விட அந்த விவரம்தான் என்னை நம்ப வைக்கிறது.

என் சித்தப்பாவுக்குப் பார்வை கிடையாது. யாரையும் எதிர்பார்க்காமல் தானே வெளியே போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதனால் பார்வையற்றோரைப் பற்றி ஆதரவுக் கட்டுரை பேசும்போது என் மனம் உடனே அந்தப் பக்கம் சாய்கிறது. அந்த இடத்தில்தான் கூடுதல் கவனமாகப் படிக்கிறேன்.

சரி, ஆதரவுத் தரப்பின் உண்மையான பலம் எங்கே? 5.67 கோடி மைல் ஓட்டத்தை அதே ஊர்களின் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டு, பாதசாரிகள் காயமடையும் விபத்துகள் 92 சதவீதம் குறைவு என்று காட்டியது வேமோ. ஆய்வு செய்தவர்கள் அந்த நிறுவனத்தினர்தான். ஆனாலும் விபத்து விவரங்கள் அரசுக்கும் போவதால் வெளியாட்கள் சரிபார்க்க வழி உண்டு. காயங்கள் குறைந்தன என்று எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். உயிரிழப்பு குறைந்தது என்று எழுதினால் அவசரம். அமெரிக்காவில் 2023-இல் 10 கோடி மைலுக்குச் சுமார் ஒன்றேகால் மரணம் என்ற அளவில்தான் நடந்தது. அதற்கு இந்த மைல்கள் போதாது.

ஆக, பாதுகாப்பில் இன்று ஆதரவுத் தரப்பு முன்னால் நிற்கிறது. தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்பதில் எதிர்த் தரப்பு. டிரைவர்களின் பிழைப்பு வேறு விஷயம். கனரகத் தானியங்கி லாரிகளில் மனிதர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற மசோதாவைக் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றியும் ஆளுநர் நியூசம் 2023-இல் ரத்து செய்தார். இதைப் பற்றி "புது வேலைகள் வரும்" என்று ஒரே வரியில் தாண்டிப் போகும் கட்டுரை, மற்ற இடங்களில் எவ்வளவு நன்றாக வாதிட்டிருந்தாலும், இந்த இடத்தில் என்னிடம் தோற்றுவிடுகிறது.