விளையாட்டுத்தனம் எங்கே போச்சு?

கேள்வி: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலை, வீடு, தூக்கம் என்றே ஓடுகிறது. பழைய விளையாட்டுத்தனம் திரும்ப வருமா?

பதில்: அது எங்கும் போகவில்லை, பயந்து பதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர், எலிக்குட்டிகள் விளையாடும் இடத்தில் கொஞ்சம் பூனை முடியைப் போட்டுப் பார்த்தார். ஆட்டம் அப்படியே நின்றுபோனது, முடியை எடுத்த பிறகும் சில நாள் பழைய குஷி வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு உங்கள் கைப்பேசியில் வரும் ஆபீஸ் மெசேஜ்தான் அந்தப் பூனை முடி. முதலில் அதை அணையுங்கள். அப்புறம், விளையாட்டுக்கு அட்டவணை போட்டு அதையும் ஒரு வேலையாக்கிவிடாதீர்கள். நீங்கள் பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் இருப்பவர் நேர்முக வர்ணனை கொடுக்கட்டும்: “இதோ கரண்டி நழுவுகிறது... பிடித்துவிட்டார்!” முதல் நாள் அசடு வழியும், வழியட்டும்.