லோடு குறைந்தால் கூலி எப்படி உயரும்?

கேள்வி: வெளிநாட்டு லாரி ஓட்டுநர்களுக்கு அமெரிக்கா கெடுபிடி செய்வதை ஏன் குறை கூறுகிறீர்கள்? ஆள் குறைந்தால் உள்நாட்டு ஓட்டுநரின் கூலி உயரும் என்பது எளிய கணக்குதானே?

பதில்: பாதியிலேயே நிறுத்திவிட்டதால்தான் அந்தக் கணக்கு அத்தனை எளிதாகத் தெரிகிறது. கூலி உயர வேண்டுமானால் ஆள் குறைந்தால் மட்டும் போதாது. ஏற்றுவதற்கு லோடும் இருக்க வேண்டும். சீனப் பொருட்களின் மீதான கூடுதல் இறக்குமதி வரியை 2025 ஏப்ரலில் 145 விழுக்காட்டுக்கு உயர்த்தி, மறுமாதமே 30 விழுக்காட்டுக்கு இறக்கியது இதே அரசுதான். விளைவாக, லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் மே மாதம் சரக்கு வரத்து சரிந்தது. வரி மீண்டும் ஏறுவதற்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும் என்று வணிகர்கள் முண்டியடித்ததால், ஜூலையில் 20 அடிக் கன்டெய்னர் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல் கையாண்டு அது சாதனை படைத்தது. ஒரு மாதம் லோடுக்காகக் காத்துக் கிடந்து, இன்னொரு மாதம் தூக்கமின்றி ஓடும் சொந்த வண்டிக்காரருக்கு, வண்டித் தவணை மட்டும் மாதந்தவறாமல் ஒரே தொகைதான். போதாக்குறைக்கு, இறக்குமதியாகும் கனரக லாரிகளுக்கும் 2025 நவம்பர் 1 முதல் 25 விழுக்காடு வரி.

இனி, நீங்கள் சொன்ன கெடுபிடிக்கு வருவோம். அமெரிக்காவில் ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி பழையது. தெரியாதவரைச் சாலையிலேயே பணிநிறுத்தம் செய்வதை 2025 ஜூன் 25 முதல் மீண்டும் கொண்டுவந்தார்கள். சோதனை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார். மொழிபெயர்ப்பாளரோ கைபேசிச் செயலியோ கூடாது. அதில் தேறினால் சாலைக் குறியீடுகளைக் காட்டிப் பொருள் கேட்பார். தேறாதவர் அதற்குமேல் வண்டியை எடுக்க முடியாது. ஆனால், மெக்சிகோ எல்லையை ஒட்டிய வணிக மண்டலங்களில் மட்டும் குற்றத்தைப் பதிவு செய்தால் போதும், பணிநிறுத்தம் வேண்டாம் என்று அதே உத்தரவில் விலக்கும் இருக்கிறது. சாலைப் பாதுகாப்புதான் நோக்கம் என்றால், மிகுதியாக லாரிகள் கடக்கும் இடத்தில் இந்தத் தாராளம் எதற்கு? அங்கே கைவைத்தால் சரக்கு தேங்கிவிடும் என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும். (பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொன்னதாக அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.)

உங்கள் கணக்கு உண்மையிலேயே பலித்த இடம் 2021இன் பிரிட்டன். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதும், கொரோனாவால் உரிமத் தேர்வுகள் தடைப்பட்டதும் சேர்ந்து ஓட்டுநர் பஞ்சம் முற்றியது. பெட்ரோல் பங்குகள் வறண்டன. கூலியும் உயரத்தான் செய்தது. அரசு என்ன செய்தது? செப்டம்பரில் 5,000 தற்காலிக விசாக்களை அறிவித்தது. அவற்றைச் சீந்துவார் அதிகம் இல்லை என்றானதும், பிரிட்டனுக்குள் ஏழு நாளில் இரண்டு நடை மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்த ஐரோப்பிய லாரிகள், 14 நாட்களுக்கு எத்தனை நடை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று அக்டோபர் இறுதியில் கதவைத் திறந்துவிட்டது. அந்த ஏற்பாடு ஆறு மாதம் நீடித்தது. உங்கள் கணக்கில் வரும் கூலி உயர்வுக்கு எத்தனை மாத ஆயுள் போட்டு வைத்திருக்கிறீர்கள்?