மைனஸை அழிச்சிட்டா அதுதான் மாடுலஸா? சில கேள்வி-பதில்

கேள்வி: சார், புக்ல |எக்ஸ்|, அதாவது எக்ஸோட மாடுலஸ், = −எக்ஸ்னு போட்டிருக்கு. மாடுலஸ்ல நெகட்டிவ் வராதே, இது எப்படி?

பதில்: அந்த வரிக்கு பக்கத்துலயே "எக்ஸ் 0-வை விட சின்னதா இருந்தா"னு ஒரு கண்டிஷன் இருக்கும் பாருங்க. எக்ஸ் −5-னு வெச்சுக்கோங்க, அப்போ −எக்ஸ்ங்கிறது −(−5), அதாவது 5. முன்னாடி மைனஸ் நிக்குதுங்கிறதுக்காக அது நெகட்டிவ் ஆயிடாது, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும். "மாடுலஸ்னா மைனஸை அழிச்சிடு"னு சொல்லிக் குடுக்குறதுல எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல, வெறும் நம்பர் இருக்குற வரைக்கும் அது ஓடும், எழுத்து வந்த உடனே காலை வாரிடும். மாடுலஸ்னா 0-லேர்ந்து எவ்வளவு தூரம், அவ்வளவுதான். உள்ள ஒரு கழித்தல் இருந்தா, அது அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல உள்ள தூரம். அதனால |எக்ஸ் − 3| = 5-னு கேட்டா, நம்பர் லைன்ல 3-லேர்ந்து 5 தள்ளி யார் யார் இருக்காங்கன்னு பாருங்க, 8, −2 ரெண்டுமே மாட்டும். மைனஸை அழிக்கிறவங்க அந்த −2-வை எப்பவும் விட்டுடுவாங்க.

கேள்வி: |−7 + 4|, |−7| + |4| ரெண்டும் ஒண்ணுதானா?

பதில்: இல்ல. முதல்ல 3, அடுத்தது 11. அந்தக் கோடு பிராக்கெட் வேலையும் பார்க்குது, உள்ள கூட்டி முடிச்சிட்டுதான் வெளிய வரணும். பெருக்கல்லயும் வகுத்தல்லயும் தனித்தனியா எடுத்தாலும் ஒரே விடைதான்.

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, மைனஸ் இன்டு மைனஸ் ஏன் ப்ளஸ்னு கேக்குறா. என்ன சொல்ல?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கா, ரூல்னு சொல்லி அடக்கிடாதீங்க. −3 × (4 + (−4)) எவ்வளவு? உள்ள 0, அதனால மொத்தமும் 0. இப்போ பிரிச்சு பெருக்குங்க, முதல் பாதி −12, அடுத்த பாதி −3 × −4, ரெண்டும் சேர்ந்து 0 வரணும்னா அந்தப் பாதி 12-ஆ இருந்தாதான் முடியும், வேற வழியே இல்ல. நம்ம நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லயே பிரம்மஸ்புட சித்தாந்தம்ங்கிற தன் நூல்ல இந்த விதிய எழுதிட்டார், அவர் நெகட்டிவை கடன்னும் பாசிட்டிவை சொத்துன்னும் சொல்லுவார். ஆனா ஒண்ணு, இது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள விதி. −3 − 4-ல ரெண்டு மைனஸ் பார்த்துட்டு 7-னு எழுதுற பசங்க ஏராளம், அது −7.

கேள்வி: பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழில −7 // 2 (விடை முழு எண்ணா வர்ற வகுத்தல்) போட்டா −4 வருது, சி-ங்கிற மொழில −7 / 2 போட்டா −3. எது தப்பு?

பதில்: எதுவும் தப்பில்ல. −3.5-ஐ பைத்தான் கீழ் பக்கம் தள்ளுது, சி 0 பக்கம் தள்ளுது. அதனால மீதியும் மாறும், பைத்தான்ல 1, சி-ல −1. ஒற்றைப்படையான்னு செக் பண்றப்போ மீதி 1-ஆன்னு கேக்காதீங்க, 0 இல்லையான்னு கேளுங்க, ரெண்டுலயும் சரியா வரும்.