கெட்டிலும் வாட்டும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எலக்ட்ரிக் கெட்டில் வாங்கப் போனேன். 1000 வாட், 1500 வாட் என்று இரண்டு இருந்தன. “1500 எடுத்தா கரண்ட் பில் எகிறிடும்மா” என்றார் கடைக்காரர். அது சரியென்று படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. திறன் என்றால் வேலை வகுத்தல் காலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. எதை வாங்கட்டும்?

ம., நாமக்கல்

அன்புள்ள ம.,

உங்களுக்குப் பட்டதுதான் சரி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற சுமார் 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தொட 2,94,000 ஜூல். எந்தக் கெட்டிலில் ஊற்றினாலும் தண்ணீர் கேட்பது இவ்வளவுதான். நொடிக்கு எத்தனை ஜூல் கொடுக்கிறது என்பதுதான் திறன், அதன் அளவுதான் வாட். 1500 வாட் கெட்டில் 196 நொடியில் கொடுத்து முடிக்கும். 1000 வாட் 294 நொடி எடுத்துக்கொள்ளும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அதனால் மீட்டரில் இரண்டுக்கும் ஓடுவது சுமார் 0.08 யூனிட்.

30 மீட்டர் ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலே ஏற்றவும் இதே 2,94,000 ஜூல்தான் ஆகும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைப்பது அத்தனை பெரிய வேலை! எனக்கு இன்றும் இது வியப்பாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் எவ்வளவு மெதுவாகக் கொடுத்தாலும் ஒன்றுதானா? இல்லை. 50 வாட் ஹீட்டர் ஒன்றைத் திறந்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள். நாள் முழுக்க எரிந்தாலும் தண்ணீர் கொதிக்காது. சூடு ஏற ஏற ஆவியாகவும் காற்றிலும் வெளியேறும் வெப்பமும் கூடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமானதும் வெப்பநிலை அப்படியே நின்றுவிடும். பள்ளிக்கூடத்துச் சூத்திரத்தில் காலம் எதற்கு வருகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். எங்கே ஒழுக்கு இருக்கிறதோ, அங்கே வேலை நடக்குமா நடக்காதா என்பதையே திறன்தான் தீர்மானிக்கிறது.

இங்கிலாந்துச் சுரங்கங்களில் நடந்ததும் இதுதான். தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறுவதை விட வேகமாக இறைத்தால்தான் உள்ளே இறங்க முடியும். மெதுவாக எத்தனை வருடம் இறைத்தாலும் பயனில்லை. 1712இல் தாமஸ் நியூகோமன் என்பவர் தன் நீராவி எஞ்சினை முதலில் நிறுவியதே இப்படித் தண்ணீர் இறைக்கத்தான். பிற்பாடு ஜேம்ஸ் வாட் தன் எஞ்சினை ஆலைக்காரர்களிடம் விற்றபோது, அவர்கள் அதுவரை நம்பியிருந்த குதிரைகளையே அளவாக வைத்துக்கொண்டார். நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தினால் ஒரு குதிரைத்திறன். இன்றைய கணக்கில் 746 வாட். சாதாரணக் குதிரையால் நாள் முழுக்க அந்த வேகத்தில் உழைக்க முடியாது. ஆனால் சில நொடிகளுக்கு அதைப்போல் பல மடங்கு இழுத்துவிடும். கிணற்று மோட்டாரை நாம் 5 எச்பி, 7.5 எச்பி என்று கேட்டு வாங்குவது அந்தக் கணக்கில்தான்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். 75 வாட் ஃபேன் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1.8 யூனிட், கெட்டிலில் இருபது தடவைக்கு மேல் கொதிக்க வைப்பதற்குச் சமம். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அங்கே பிடியுங்கள்.

1500 வாட்டையே வாங்குங்கள். சீக்கிரம் கொதிப்பதால் வெளியே வீணாகும் சூடும் கொஞ்சம் குறைவு. ஆனால் 230 வோல்ட்டில் அது 6.5 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் என்றால் 4.3தான். கரண்ட் ஒன்றரை மடங்கானால் வயரில் ஏறும் சூடு இரண்டேகால் மடங்கு. அதனால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள். சமையலறையில் 16 ஆம்பியர் பெரிய ப்ளக் பாயிண்ட் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒன்று வைத்துவிட்டு அப்புறம் கெட்டில் வாங்குங்கள்.