பார்கோடு 890-இல் தொடங்கினால் அது இந்தியப் பொருளா?

இல்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் பாத்திரமோ பொம்மையோ வாங்கும் பலர் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். 890 என்பது அந்த நிறுவனம் இந்தியாவில் பார்கோடு பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். சீனாவில் செய்த பொருளை இங்குள்ள நிறுவனம் தன் பெயரில் விற்றாலும் 890 வரலாம்.

பார்க்க வேண்டியது அச்சிட்ட எழுத்தைத்தான். 2011-ஆம் ஆண்டின் பொட்டல விதிகளின்படி, இறக்குமதிப் பொட்டலத்தில் தயாரான நாடு, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி எல்லாம் இருக்க வேண்டும். இணையக் கடைகளும் நாட்டின் பெயரைக் காட்டியாக வேண்டும். 'மார்க்கெட்டட் பை' என்று ஓர் இந்திய முகவரி இருந்தால், அது விற்பவரின் முகவரி. செய்த இடம் அல்ல. 'மேட் இன்', 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் பெட்டியின் அடியிலோ, மேலே ஒட்டிய தனி ஸ்டிக்கரிலோ பொடி எழுத்தில் கிடக்கும். ஸ்டிக்கர் பழைய விலையை மறைத்து ஒட்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள்.

மாட்டுத்தாவணியில் சில்லறையாக வாங்கும் ஆப்பிளில் இருக்கும் 4 இலக்க எண் ரகத்தையும் அளவையும் சொல்வது, நாட்டை அல்ல. வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் நாடு அச்சாகியிருக்கும்.

வெளிநாட்டுப் பொருள் என்றாலே மட்டம் என்பதும், உசத்தி என்பதும் தவறு. ஆனால் எங்கே செய்தது என்று தெரிந்து வாங்குவது நம் உரிமை. விவரம் இல்லாத பொட்டலத்தைப் படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.